கோதுமை ஆகாத வயிறோடு புதுச்சேரிக்கு

பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு அரிசி எடுத்துக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பெட்டியில் பாதி இடத்தை அரிசி பிஸ்கட், அரிசி ரொட்டி, அரிசி நூடுல்ஸ் பொட்டலங்கள் பிடித்துக்கொண்டன. என் புடவைகளும் தம்பி குழந்தைக்கு வாங்கிய ஞானஸ்நான உடையும் மீதிப் பாதியில் நெருக்கியடித்துக் கிடந்தன. அடுக்கியவர் என் வீட்டுக்காரர் சேவியர். பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அடுக்கிய பெட்டியைக் கலைத்து அடுக்க யாருக்கும் தைரியம் வராது.

"அங்க எல்லாமே அரிசிதானேங்க, எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"ஃப்ளைட்ல பசிச்சா என்னா பண்ணுவ? அவங்க குடுக்கற பன்ன தின்னுடுவியா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு பொட்டலத்தையும் உள்ளே திணித்தார்.

என் வியாதியின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. மாவைப் பிசையும்போது இழுபடுகிறதே, அந்தப் பசைதான். அது உள்ளே போனால் என் சிறுகுடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை வாய்க்குள் போகக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். கண்டுபிடித்து இரண்டு வருஷமாகிறது. மூலைக்கு மூலை ரொட்டிக்கடை இருக்கும் நாட்டில் இருந்துகொண்டு ரொட்டியை விட்டேன். கேக்கை விட்டேன். கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். அப்படியும் வயிறு அடங்கவில்லை. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் உப்பிக்கொள்ளும். கடமுடா என்று சத்தம் போடும். சில நாள் ஓட வைக்கும்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மதாம், உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது கொஞ்சம் ரொட்டி சாப்பிடுகிறீர்கள், இல்லையா?"

செத்துப்போன அம்மாமேல் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. நான் சொல்வது நிஜமென்றால் இது பத்தியத்துக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கும், ஊரிலிருந்து திரும்பியதும் மறுபடியும் வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், கடுமையான மருந்து தொடங்க வேண்டிவரும் என்றார். அந்த வகை சிலருக்குப் புற்றாக மாறுவதும் உண்டு என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஒன்று நான் பொய்க்காரி, இல்லாவிட்டால் எனக்கு வந்திருப்பது பொல்லாத வகை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல்தான் விமானம் ஏறினேன். ஆனாலும் மனதில் ஒரு நம்பிக்கை இருந்தது. சுத்தமாக அரிசிச் சோறு தின்னும் ஊருக்குப் போகிறோம். மூன்று வாரம் கோதுமை வாடையே இல்லாமல் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா?

சென்னை விமான நிலையத்துக்குத் தம்பி ஆல்பர்ட் வாடகைக் காரோடு வந்திருந்தான். லாஸ்பேட்டையில் அரசாங்க குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் குமாஸ்தா. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானத்தில் அதை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் நான்தான். அந்தச் சாக்கில்தான் இந்தப் பயணமே.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். இலையில் நாலு இட்லி வந்து விழுந்தது. இரண்டு வருஷமாக எந்தச் சாப்பாட்டையும் போலீஸ்காரர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன். இட்லியை விசாரிக்கத் தோன்றவில்லை. அரிசி, உளுந்து, இதில் என்ன வில்லங்கம் இருக்கப்போகிறது? சாம்பாரை இரண்டு தடவை ஊற்றச் சொல்லி, இட்லியை அதில் முங்க வைத்துச் சாப்பிட்டேன்.

மரக்காணம் உப்பளங்கள் கண்ணில் படும்போதே வயிறு கடமுடாவை ஆரம்பித்துவிட்டது. "ஆல்பர்ட்டு, வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றேன். சாலையோரத்தில் தெரிந்த முதல் வீட்டுக்குள் வெட்கத்தை விட்டு நுழைந்தேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஐய, இதுக்கு ஏம்மா கூச்சப்படற? பின்னால போ. தண்ணி மொண்டு வச்சிருக்கேன்."

பாரிஸ் ரயில் நிலையத்தில் காசு போட்டால்தான் கழிப்பறைக் கதவு திறக்கும். சரியான சில்லறை இல்லாமல் அங்கே நான் ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும். இங்கே பேர் கூடக் கேட்காமல் ஒரு வீடே திறந்துகொண்டது. திரும்பி வரும்போது அந்த அம்மா ஒரு சொம்பை நீட்டினாள். "பெருங்காயம் கரைச்ச மோரு. குடிச்சிட்டுப் போ, வவுறு நின்னுக்கும்." குடித்துவிட்டு, நன்றிக்குப் பதிலாக "மெர்சி" என்று சொல்லிவிட்டேன். நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வா, பாண்டிச்சேரிக்காரம்மா" என்றாள்.

இரண்டாவது நாள். ஆல்பர்ட்டின் மனைவி புஷ்பா எனக்கென்று புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் வாங்கி வைத்திருந்தாள். போன மாதம் தொலைபேசியில் நான் சொன்னதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோறு, சாம்பார், ரசம், கீரை மசியல், அப்பளம் என்று பரிமாறிவிட்டு, "எல்லாம் உங்க சட்டியிலதான் அண்ணி செஞ்சேன். சப்பாத்திப் பலகைய கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்" என்றாள்.

தம்பிக்குத்தான் என் வியாதி பிடிபடவில்லை. அவனுக்குச் சர்க்கரை. ராத்திரியில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி தின்னச் சொல்லியிருக்கிறார்கள்.

"சக்கரைக்கே சப்பாத்திதான் மருந்துன்றாங்க. அது உனக்கு ஆவாதுன்னா, அது என்னா வியாதிக்கா?"

"உனக்கு மருந்தா இருக்கறது எனக்கு விஷம்டா."

"அப்ப ஒரே வீட்டுல நமக்கு ரெண்டு அடுப்பு வேணும்" என்று சிரித்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை எடுக்கப் புஷ்பாவிடம் கெஞ்சியபடியே போனான்.

சாயங்காலம் சேவியரின் போன் வந்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கேட்ட முதல் கேள்வி, "மோர் குடிச்சியா?"

இந்த மோரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவர்தான் எனக்கு மோர் போடுவார். தயிரை மத்தால் கடைந்து, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு, பெருங்காயத் தூளை விரலால் கிள்ளிப் போடுவார். வயிறு மோசமாக இருக்கும் நாளில் இரண்டு கிள்ளு. நான் கடைசிச் சொட்டு குடிக்கும்வரை டம்ளருக்குப் பக்கத்திலேயே காவல் நிற்பார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அன்பு, பாசம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. மோர் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. பெருங்காய டப்பாக்கள் புதுச்சேரியிலிருந்து வருவோர் போவோர் மூலமாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

"குடிச்சேங்க. புஷ்பா போட்டுக் குடுத்தா" என்றேன். "பெருங்காயம் போட்டாளா?" என்று உறுதி செய்துகொண்டு வைத்தார்.

மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போனோம். ஊரில் நன்மை என்று சொல்லும் நற்கருணை அப்பம் கோதுமை மாவில் செய்தது. எங்கள் பாரிஸ் புறநகர் கோவிலில் சாமியாரிடம் சொல்லிவைத்து, அப்பம் வேண்டாமென்று கிண்ணத்திலிருந்து ஒரு வாய் திராட்சை ரசம் மட்டும் வாங்கிக்கொள்வேன். இங்கே யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. எல்லோரும் வரிசையில் எழுந்து போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து கிசுகிசுப்பு கேட்டது.

"பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்குதே ஆல்பர்ட்டு அக்கா, நன்மை வாங்கல பாத்தியா?"

"என்னா பாவம் பண்ணிச்சோ, யாரு கண்டா."

"ஞானத்தாயா வேற நிக்கப் போவுதாமே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு கெட்ட பெயர் கிடைக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. பூசை முடிந்ததும் நேராகச் சாமியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஞானஸ்நானத்தன்று கிண்ணம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

நான்காவது நாள் ஊர் சுற்றக் கிளம்பினேன். லாஸ்பேட்டையிலிருந்து டவுனுக்கு டெம்போவில் போனேன். டெம்போ என்பது இந்த ஊரின் பெரிய மூன்று சக்கர வண்டி. ஏறுவதற்கு ஆள் இருக்கும்வரை உள்ளே இடம் இருக்கும். சாரம் பகுதியைத் தாண்டும்போது வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துபோயிற்று. டிரைவர் கவலையே படவில்லை. "பங்க் பக்கத்துலதான் இருக்கு, ஒரு தள்ளு தள்ளுங்க" என்றார். ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். "நீங்க எதுக்குமா, நீங்க பிரான்ஸ்காரங்க" என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த பூக்காரி. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். "இந்த வெயில்ல சாக்ஸ் போட்டுக்கினு வேற யாரு வருவா?" என்றாள்.

கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் என்னிடம் வழி கேட்டார்கள். உச்சரிப்பைக் கண்டுகொண்டு நான் பிரெஞ்சில் பதில் சொன்னதும் அந்தப் பெண்மணி என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. அவர்களுக்கு வேண்டியது நல்ல குரோசான் கிடைக்கும் இடம். ஒரு அடுமனை வாசல்வரை அழைத்துப் போய் விட்டேன். வெண்ணெயும் மாவும் வெந்த வாசனை என் மூக்கைத் துளைத்தது. எனக்கும் ஒன்று வாங்கித்தர அந்தம்மா பிடிவாதம் பிடித்தாள். வேண்டாமென்றதும், "டயட்டா? உங்கள் உடம்புக்கு எதற்கு?" என்றாள். எனக்கு ஆகாத பண்டத்துக்கு அவர்களை வழிகாட்டி அழைத்துப் போனதை நினைத்துச் சிரித்துக்கொண்டே கடற்கரைக்குப் போனேன். பாறைமேல் உட்கார்ந்து, சேவியர் கொடுத்தனுப்பிய அரிசி பிஸ்கட்டைக் கடித்தேன். அட்டைபோல இருந்தது.

இத்தனை நாள் நான் சிரித்தேனே தவிர, வயிறு சிரிக்கவில்லை. ஐந்தாவது நாளும் ஆறாவது நாளும் ரொம்பவும் மோசம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வயிறு பானை மாதிரி ஆகிவிடும். புஷ்பா பாவம், மோரில் பெருங்காயத்தைக் கூட்டினாள். ரசத்திலும் கூட்டினாள். போதாக்குறைக்கு வெந்நீரில் கரைத்துத் தனியாகவும் கொடுத்தாள். அன்றைக்கு மூன்று தடவை ஓடினேன்.

ஆறாம் நாள் பிற்பகல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குக் கணக்கு புரிந்துபோயிற்று. ஆறு நாளாகக் கோதுமை கண்ணிலேயே படாத சமையல். புதுச் சட்டி, புதுக் கரண்டி. அப்படியும் வயிறு இப்படி என்றால் டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்த வகைதான். வெளியே தொட்டிலில் குழந்தை சிணுங்கிற்று. வளர்ந்து இது முதல் நன்மை வாங்கும்போது நான் இருப்பேனா என்று ஒரு நினைப்பு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

ஏழாவது நாள் ஞானஸ்நான விருந்துக்குச் சாமான் வாங்க நானும் புஷ்பாவும் ஆல்பர்ட்டின் ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனோம். ஓட்டியவள் புஷ்பா. முல்லா வீதிப் பக்கம் ஒரு பழைய மளிகைக் கடை. மிளகு, ஏலக்காய், நாட்டு மருந்து எல்லாம் அங்கே கிடைக்கும். கல்லாவில் வெள்ளைத் தாடி வைத்த பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆல்பர்ட்டின் ஆபீஸில் சைவக்காரர்கள் இருப்பதால், பிரியாணிச் சீட்டோடு சாம்பாருக்கும் சமையல்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். புஷ்பா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, "பெருங்காயம் நூறு" என்றாள்.

"சமையலுக்கா, மருந்துக்கா?" என்று பாய் கேட்டார்.

"சமையலுக்குத்தான் பாய்."

நான் சும்மா இருக்காமல், "ரெண்டும் வேற வேறயா பாய்? நாங்க மோருக்கும் இதத்தான் போடறோம்" என்றேன்.

"போடலாம், தப்பில்ல. ஆனா இதுல பெருங்காயம் கொஞ்சந்தாம்மா. மீதியெல்லாம் மைதாவும் பிசினும்."

"என்னா சொன்னீங்க?"

"மைதாம்மா. செடியில வடியற சுத்தமான பால் பெருங்காயத்த அப்டியே எடுத்துச் சமையலுக்கு யாரு போடுவா? கடுகளவு கூடிச்சின்னா கசந்துடும். கையில ஒட்டிக்கினா நாலு நாளைக்கு வாடை போவாது. அதான் மைதாவும் பிசினும் போட்டுப் பிசைஞ்சி, காயவச்சி, கட்டியா, தூளா விக்கறது. இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல."

"எல்லா டப்பாவுலயுமா?"

"ஒண்ணு ரெண்டுல அரிசி மாவு இருக்கும். பாதிக்கு மேல மைதாதான். ஒளிச்சா விக்கறாங்க? டப்பா மேலயே போட்டிருப்பாங்க. படிச்சிப் பாருங்க."

எங்கள் வீட்டில் இருக்கும் அதே டப்பாவை எடுத்து நீட்டினார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். பக்கவாட்டில், எறும்பு எழுத்தில், பிசினுக்கு அடுத்ததாகக் கோதுமை மாவு என்று இருந்தது.

பாரிஸ் கடைகளில் உப்புப் பொட்டலத்தைக் கூடத் திருப்பித் திருப்பிப் படித்தவள் நான். கடுகு, வினிகர், சாக்லேட், மாத்திரை, உதட்டுச் சாயம் எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு வருஷமாக இந்த டப்பாவை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. பெருங்காயத்தை யாராவது சந்தேகப்படுவார்களா? வயிற்றுக்குக் கோளாறு என்றால் நாம் அதைத்தானே முதலில் தேடுவோம். சாம்பாரில், ரசத்தில், கீரையில், மோரில், தினம் நாலு தடவை கோதுமையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வயிறு கெட்டால் இன்னும் ஒரு கிள்ளு.

கடை வாசலிலேயே நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. பாய் பயந்துபோய் முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் சோடா சொன்னார். புஷ்பாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணி, நான் எல்லாத்துலயும் அள்ளி அள்ளிப் போட்டனே" என்று அழ ஆரம்பித்தாள். நான் சிரிக்க, அவள் அழ, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவளைக் கட்டிக்கொண்டு, "எனக்குப் பொல்லாத வியாதி இல்லடி புஷ்பா, இல்லடி" என்றேன்.

பாய்க்கு என் கதையைச் சொன்னோம். அவர் உள்ளே போய்ச் சின்னத் தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பாக, மெழுகு போல ஒட்டும் பால் பெருங்காயம். திறந்ததும் தெருவே மூக்கைப் பிடித்திருக்கும். "இதுல ஒண்ணும் கலக்கல. வெறும் பாலு" என்று கத்தியை எடுத்தார். "பாய், அந்தக் கத்தியாலதானே மைதா போட்டதையும் வெட்டறீங்க?" என்றேன். கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து வெட்டினார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் சேவியர் நினைவுக்கு வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது கண்முன்னால் வந்தது. இரண்டு வருஷம், ஒரு நாள் விடாமல். என்னிடம் காட்டத் தெரிந்த ஒரே பாசத்தை இப்படிக் காட்டியவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? சாயங்காலம் போன் வந்தது. "மோர் குடிச்சியா?" என்றார். "குடிச்சேங்க" என்றேன். பெருங்காயம் போடாத மோர் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் மைதாப் பெருங்காயம் நின்றது. பால் பெருங்காயத்தை எந்த அளவில் போடுவதென்று புஷ்பாவுக்குத் தெரியவில்லை. முதல் நாள் சாம்பார் வாயிலேயே வைக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அதுவும் இல்லாமல் சமைத்தாள். ஆல்பர்ட் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "சாம்பார்ல வாசனையே இல்லியே" என்றான். "ரெண்டு வாரம் வாசனை இல்லாம தின்னா செத்துட மாட்ட" என்று அவன் மனைவி சொன்னாள். குடல் ஒரு வாரத்தில் ஆறிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்தாறு நாளில் உப்புசம் பாதியாகக் குறைந்தது. ஓட்டம் நின்றது. கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, எந்தக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் வீடு வந்து சேர்ந்தேன். ஆளில்லாத டெம்போவில் ஜன்னலோர இடம் கிடைத்தது போல அவ்வளவு சந்தோஷம்.

ஞானஸ்நானம் நடந்தது. ஒன்றரை மணி நேரம் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றேன். தண்ணீர் தலையில் பட்டதும் அவள் கோவில் அதிர வீறிட்டாள். என் வயிறு ஒரு சத்தம் போடவில்லை. நன்மை வாங்கும்போது சாமியார் சொன்னபடியே எனக்குக் கிண்ணத்தை நீட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதே கிசுகிசுப்பு கேட்டது.

"இன்னிக்கு வாங்கிடுச்சி பாரு."

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கும்."

"அதான பாத்தேன், மொகமே தெளிஞ்சிருக்குது!"

விருந்தில் பிரியாணி இரண்டு தடவை வாங்கினேன். சேமியாப் பாயசத்தையும் ரொட்டி அல்வாவையும் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பெட்டியில் அரிசி பிஸ்கட் இல்லை. அத்தனையும் ஆல்பர்ட்டின் அலுவலகத்துக்குப் போய்விட்டது. பால் பெருங்காயத்தை ஐந்து பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தேன். அப்படியும் பாரிஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினார். "மதாம், உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது?" என்றார். மருந்து என்றேன். அவசரமாக மூடச் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சேவியர் தயிரைக் கடைய ஆரம்பித்துவிட்டார். நான் கோட்டைக் கழற்றவில்லை. அவர் கை டப்பாவுக்குப் போனது. "போடாதீங்க" என்றேன். ஏன் என்று திரும்பினார். பூதக்கண்ணாடியை நீட்டி, எழுத்து இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அலமாரியில் இருந்த நாலு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக் குப்பைத் தொட்டிவரை போனார். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்து மோரில் உப்பை மட்டும் போட்டு என் முன்னால் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியலியே" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

டாக்டரிடம் போன் செய்து, குழாயை மூன்று மாதம் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார். என் சாப்பாட்டில் ஒரு தவறு இருந்தது, திருத்திக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். சேவியரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளோடு போனேன். எந்த டாக்டரிடமும் என்கூட வராத சேவியர், அன்றைக்குச் சொல்லாமலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து காரில் உட்கார்ந்தார். தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்தது. வியாதியைக் காட்டும் அளவு நன்றாக இறங்கியிருந்தது. குழாயே வேண்டாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "வாழ்த்துக்கள் மதாம். கடைசியில் ரொட்டியை விட்டுவிட்டீர்கள்" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். எனக்கு முன்னால் சேவியர் எழுந்து நின்றுவிட்டார். அதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

"மன்னிக்கவும் டாக்டர். என் மனைவி ஒரு நாளும் ரொட்டி தின்னவில்லை. இரண்டு வருஷம் அவளுக்குக் கோதுமை கொடுத்தது நான். தினமும், என் கையால். உங்கள் தாளில் அதைத் திருத்தி எழுதுங்கள்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சேவியரின் காது மடல் சிவந்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த பிறகும் விடவில்லை. முப்பது வருஷத்தில் இன்னொரு ஆளுக்கு முன்னால் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.